பீலிக் கல்லில் சிவப்பு வட்டம்

நீரிலே குளிர்ச்சி யானாய் நெருப்பிலே வெம்மை யானாய்
ஊரிலே துணையு மானாய் உளத்திலே ஒளியு மானாய்
பேரிலே அடங்கா அம்மே பெயலிலே கருணை யானாய்
நேரிலே நின்று காப்பாய் நின்னடி போற்றி போற்றி.

இன்று ஆடிப்பூரம். அம்பிகைக்கு வளையல் சாத்தி வழிபடும் நன்னாள். காலைப் பூசை நிறைவெய்திவிட்டது. எங்கள் சிறிய மாரியம்மன் கோயிலின் மண்டபத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, தூபப் புகை முழுதும் அடங்குமுன் இதனை எழுதத் தொடங்குகிறேன். இத்தகைய நாளில் சினத்தோடு எழுதலாமா என்று ஒருகணம் தயங்கினேன். பின்னர் துணிந்தேன். நான் பயின்ற பதிகங்களைப் பாடிய அருளாளர்கள் இறைவனைத் துதித்ததோடு நின்றவர்களல்லர். ஏன் தரவில்லை, ஏன் காட்டவில்லை, இது உனக்குத் தகுமா என்று அவன் வாயிலில் நின்றே வழக்காடியவர்கள். அண்டங்களை ஆள்பவன் அதற்காக எவரையும் வெளியே போகச் சொன்னதில்லை. கண்டி நகரத்து அலுவலகமொன்றின் மேசைக்கு முன்னால் நின்று கேள்வி கேட்பதுதான் குற்றமாகிவிட்டது.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடந்து சற்றுத் தூரம் போய், வலப்புறம் ஏறும் மலைச்சரிவில் எங்கள் குடியிருப்பு. ஒருகாலத்தில் தேயிலைத் தோட்டம்; இப்போது சிறு சிறு வீடுகள். இங்குள்ளோரின் பெற்றோர் கொழுந்து பறித்தவர்கள். பிள்ளைகள் கண்டிக் கடைகளிலும் பேராதனையிலும் வேலைக்குப் போகிறார்கள். நான் பாடசாலையில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். வெள்ளிக்கிழமைகளில் குருக்கள் வருவார். மற்ற நாட்களில் விளக்கேற்றி, அபிஷேகம் செய்து, ஒரு பதிகம் பாடி, வந்தவர் கைகளில் தீர்த்தம் வார்ப்பது என் பணி. நகரத்துக் குழாய்நீர் சரிவின் கீழ்ப்பாதியோடு நின்றுவிடுகிறது. மேலே இருப்பவர்களுக்கும் கோயிலுக்கும் பீலிதான். மலையூற்றை ஒரு குழாய் வழியே வழிந்து விழச் செய்த அந்த இடத்தைத்தான் நாங்கள் பீலி என்கிறோம். அம்மனின் நீராட்டுக்கு அதைவிடத் தூய நீர் இல்லை என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

பீலிக்கு மேலே, மலையின் தோளில், உல்லாசப் பயணிகளுக்கென ஒரு விடுதி எழுந்தது. அது திறக்கப்பட்ட சில மாதங்களில் அரசாங்க அலுவலகமொன்றிலிருந்து இருவர் வாகனத்தில் வந்து இறங்கினர். பீலியில் போத்தல்களில் நீர் பிடித்தனர். பெண்கள் குடங்களை ஒதுக்கி வழிவிட்டனர். அன்று கோயிலில் பொங்கல். ஆளுக்கொரு வாழையிலையில் பொங்கல் வைத்துக் கொடுத்தோம், மறுக்காமல் உண்டனர். "தண்ணி நல்லா இருக்குங்களா?" என்று ஒருத்தி கேட்டதற்கு, "பார்த்துட்டுச் சொல்றோம் அம்மா" என்று ஒருவர் சிரித்தார்.

அவர்கள் பார்த்தார்கள். சொல்லவில்லை.

நாலைந்து நாட்கள் கழித்து, ஊரார் வேலைக்குப் போயிருந்த பகல்வேளையில், யாரோ வந்து பீலியின் மேலுள்ள கல்லில் சிவப்பு வர்ணத்தால் ஒரு வட்டம் வரைந்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு சொல் எழுதவில்லை. ஒரு வீட்டுக் கதவையும் தட்டவில்லை. மாலையில் நீரெடுக்க வந்தவர்கள் கண்டது இவ்வளவுதான்: நீர் சுரக்கும் இடம், அதன் மேல் ஒரு கல், கல்லின் நெற்றியில் சிவப்பு. எங்கள் மக்கள் என்ன செய்வார்கள்? யாரோ ஒருத்தி அதற்கு ஒரு செவ்வரத்தம்பூ வைத்தாள். மறுநாள் மஞ்சள் பூசினார்கள். அடுத்த வெள்ளிக்குள் குங்குமமும் சந்தனமும் ஏறின. "அரசாங்கமே வந்து பாத்து, நம்ம பீலிக்குப் பொட்டு வச்சிட்டுப் போயிருக்கு" என்று கீழ்வீட்டுக் கிழவர் பெருமையடித்துக்கொண்டார். சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் அந்தக் கல்லுக்கு முன்னால் நின்று நான் போற்றி பாடினேன். சந்தனத்தின் கீழ் அந்த வர்ணம் மறைந்தே போயிற்று.

இங்கே அந்தச் சிறுமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பீலிக்கு அருகிலுள்ள வீட்டில் கண்டியில் துணிக்கடையொன்றில் வேலை செய்யும் இளந்தாய் ஒருத்தி இருக்கிறாள். கணவன் கொழும்பில் வேலை. மூன்று வயது மகளை இடுப்பில் சுமந்து, பஸ்ஸுக்கு ஓடுமுன் நாள்தோறும் கோயிலுக்கு வருவாள். அந்தக் குழந்தைக்குத் தீர்த்தம் மிகப் பிடிக்கும். துளசியும் பச்சைக் கற்பூரமும் மணக்கும் நீரை உறிஞ்சிவிட்டு, ஈரக் கையைத் தலையில் தடவிக்கொண்டு, மீண்டும் கையை நீட்டும். நானும் சிரித்தபடி இரண்டாவது உத்தரணி வார்ப்பேன். மற்றப் பிள்ளைகளுக்கு ஒன்று. அவளுக்கு மட்டும் இரண்டு.

அந்தக் குழந்தைக்கு வயிற்றோட்டம் தொடங்கியது. மருந்தில் நிற்கும்; மீண்டும் வரும். உடல் மெலிந்து, கண்கள் குழிந்து, பேராதனை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். வீடு திரும்பிய சில நாட்களில் மறுபடியும் அதே நோய். அங்குள்ள வைத்தியர் தாயிடம் கேட்டது மிக எளிய கேள்வி: எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள், அதை யாராவது சோதித்தார்களா, சோதித்திருந்தால் அந்த முடிவைக் கொண்டு வாருங்கள்.

அவள் தன் அரைநாள் லீவில் அந்த அலுவலகத்துக்குப் போனாள். திரும்பி வந்து மண்டபத்தில் நின்றபோது அவள் முகம் அடுப்பாய்க் கனன்றது.

"வாத்தியாரய்யா, இங்க வந்து எங்க பொங்கலத் தின்னானுங்க. எங்க தண்ணிய போத்தல்ல புடிச்சிட்டுப் போனானுங்க. அது என்னாச்சுன்னு கேட்டா, 'அதெல்லாம் ஒங்களுக்குத் தேவையில்ல, போங்க'ன்னு சொல்றாங்க. தேவையில்லையா? குடிக்கிறது நாங்கதானே! அது என்ன, அவங்க அப்பன் வீட்டுத் தண்ணியா?"

"வீட்டில் தண்ணீரைக் காய்ச்சுகிறாயா?" என்றேன்.

"காய்ச்சாம? புள்ளைக்கு வாய் கொப்புளிக்கக் கூட காய்ச்சின தண்ணிதாங்க. காஸ் முடிஞ்சா வெறகு வச்சிக் காய்ச்சுறேன். அப்படியும் விடாம போகுதே, அதுதானே டாக்டருக்கும் வெளங்கல."

மறுநாள் வேட்டியும் சால்வையும் அணிந்து, திருநீறு பூசி, நான் போனேன். தகவல் அறியும் உரிமைக்கு இந்த நாட்டில் ஒரு சட்டம் உண்டு என்று பத்திரிகையில் படித்திருக்கிறேன். ஒவ்வோர் அலுவலகத்திலும் அதற்கென ஓர் அலுவலர் இருக்க வேண்டும். அவர் யாரென்று மக்கள் காணும்படி பலகை தொங்க வேண்டும். தேடினேன். பலகை இருந்தது. அதன் முன்னால் ஒரு பெரிய இரும்பு அலுமாரியை நிறுத்தியிருந்தார்கள். அலுமாரிக்கும் சுவருக்குமிடையே 'உரிமை' என்ற சொல் மட்டும் எட்டிப் பார்த்தது. நான் சிரிக்கவில்லை.

காத்திருப்போருக்கான வாங்கில் எனக்குப் பக்கத்தில் தொப்பி அணிந்த முதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். கெலிஓயாவில் கடை வைத்திருக்கிறாராம். தம் தெருவில் பாதியில் நின்ற கழிவுநீர்க் கான் வேலை பற்றிக் கேட்க வந்தவர். என் தோற்றத்தைப் பார்த்துவிட்டு, "மாஸ்டர்தானே நீங்க? எழுதி வந்தீங்களா, இல்லாட்டி பாடப் போறீங்களா? பாடினா அவங்க நித்திரை கொண்டுருவாங்க. எழுதிக் குடுங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரு விஷயம். எதுக்கு வேணும் என்டு கேப்பாங்க. சொல்லாதீங்க. காரணம் சொல்லணும் என்டு சட்டத்துல இல்ல. அது அவங்களுக்குத் தெரியும்; எங்களுக்குத் தெரியாது என்டு நினைச்சித்தான் கேக்குற" என்றார். அந்த மனிதருக்கு ஆண்டவன் நீண்ட ஆயுளைத் தரட்டும்.

அவர் சொன்னபடியே நடந்தது. மேசைக்குப் பின்னால் இருந்தவர் நன்றாகத் தமிழ் பேசினார்; என்னை 'ஐயா' என்றே அழைத்தார். அந்த மரியாதைதான் என்னை மேலும் எரித்தது.

"ஐயாவுக்கு இது எதுக்கு?"

"காரணம் சொல்ல வேண்டுமென்று சட்டத்தில் இல்லை."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "பத்திரிகையில எழுதுறவரா?"

"கோயிலில் பாடுகிறவன்."

"அப்ப பாடுங்களேன் ஐயா, நல்ல விஷயம். இது உள்ளுக்குள்ள வச்சிருக்குற அறிக்கை. வெளியில குடுத்தா சனங்க சும்மா பயந்துருவாங்க."

"ஒரு குழந்தை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைகிறாள். பயம் ஏற்கெனவே வந்துவிட்டது. தகவல்தான் வரவில்லை."

விண்ணப்பத்தை மேசையில் வைத்தேன். ஓர் உயிர் தொடர்பான கேள்விக்கு நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் விடை தர வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. அதைச் சுட்டி, பற்றுச்சீட்டுக் கேட்டேன். "அது வேற மாதிரியான உயிர் பிரச்சினைக்கு" என்றார். உயிரில் எத்தனை மாதிரி உண்டு என்று எனக்குத் தெரியவில்லை. எறும்புக்கும் யானைக்கும் உயிர் ஒன்றே என்று பாடம் கற்பித்துப் பழகியவன் நான். பற்றுச்சீட்டு வரும்வரை எழுந்து போகவில்லை. உணவு இடைவேளையில் விளக்கை அணைத்தார்கள். இருட்டில் அமர்ந்து மனத்துக்குள் ஒரு பதிகம் ஓதினேன். இறுதியில் கொடுத்தார்கள்.

இரண்டு நாட்கள் கழிந்தன. விடை இல்லை. மழை தொடங்கியது. குழந்தையை மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சட்டம் காட்டிய வழியில் அதே அலுவலகத்தின் மேலதிகாரிக்கு முறையீடு அனுப்பினேன்.

காத்திருந்த அந்நாட்களில் என் மனத்தை விடாது அரித்த எண்ணம் ஒன்று உண்டு. எங்கள் சமயம் இறைவனுக்கு ஐந்தொழில் சொல்கிறது. படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். மறைத்தல் அவனுடைய தொழில். உயிர் பக்குவப்படும்வரை அதற்குத் தாங்கொணாததைத் திரையிட்டு மறைக்கிறான். அந்த மறைப்பும் அருளின் பொருட்டே என்று கற்றேன். அந்தத் தொழிலை மேசையும் முத்திரையும் உள்ள ஒரு மனிதருக்கு யார் கொடுத்தது? அவர் எந்த உயிரின் பக்குவத்துக்காக ஒரு தாயிடமிருந்து தண்ணீரின் செய்தியை மறைத்தார்? அருளுக்காக மறைப்பவனைக் கும்பிடலாம். வசதிக்காக மறைப்பவரை என்ன செய்வது?

ஒருவழியாக உறையொன்று வந்தது. உள்ளே ஒரே ஒரு தாள். பூசைக்கு முன்னரே பிரித்தேன். குழந்தை அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள்; தாய் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு என் எதிரில் நின்றாள். நான் வாய்விட்டுப் படித்தேன். பீலியின் நீரில் மலக்கழிவு கலந்திருக்கிறது. மேலேயுள்ள விடுதியின் கழிவுக்குழி காரணமாக இருக்கலாம். காய்ச்சாமல் குடிக்கத் தகாது. இடம் சிவப்பு வட்டத்தால் அடையாளமிடப்பட்டுள்ளது. மக்களுக்கு அறிவிக்கப்படும்.

தாளின் மேலிருந்த தேதி, அந்தப் பொங்கல் நாளுக்கு அடுத்த வாரத்தினது. எல்லாம் தெரிந்தே பல மாதங்கள் ஒரு கோப்புக்குள் வைத்திருந்திருக்கிறார்கள்.

"காய்ச்சாம குடிக்கக் கூடாதுன்னுதானே ஐயா போட்டிருக்கு?" என்றாள் தாய். "நான்தான் காய்ச்சிக் குடுக்குறேனே. பின்ன எப்படி?"

அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே குழந்தை தோளிலிருந்து தலையைத் தூக்கி, பழக்கப்படி, என் பக்கம் கையை நீட்டியது. என் இடக்கையில் பஞ்சபாத்திரம் இருந்தது. அதில் பீலியின் நீர் இருந்தது. காய்ச்சாத நீர். தீர்த்தத்தை யார் காய்ச்சுவார்?

இருவரும் அந்தப் பாத்திரத்தைப் பார்த்தோம். அந்தச் சிறிய கை மட்டும் நீண்டபடியே இருந்தது. நான் பாத்திரத்தைக் கவிழ்த்து முற்றத்து மண்ணில் ஊற்றினேன். குழந்தை வீரிட்டு அழுதது.

தாய் அவளைத் தட்டிக்கொடுத்தபடியே சொன்னாள்: "நீங்க குடுக்கல ஐயா. ஒங்க கைய வச்சி அவங்க குடுத்தானுங்க."

எத்தனையோ ஆண்டுகள் பாடியிருக்கிறேன். அன்று பாடவில்லை. வாளியும் தேங்காய்த் தும்பும் எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனேன். கல்லின் மேலிருந்த மாலையை எடுத்தேன். சந்தனத்தைத் தேய்த்தேன், குங்குமத்தைத் தேய்த்தேன், மஞ்சளைத் தேய்த்தேன். தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள், "ஐயோ, வாத்தியாரய்யாவுக்கு என்னாச்சு? சாமிய ஒரசுறாரே!" என்று பதறினார்கள். தேய்க்கத் தேய்க்க அந்தச் சிவப்பு வட்டம் மெல்ல வெளிப்பட்டது. "இது சாமி இல்லை. 'குடித்தால் நோய்' என்பதைச் சொல்ல வாய் வராதவர்கள் வர்ணத்தால் வரைந்தது இது" என்றேன். குடங்கள் ஒவ்வொன்றாகத் தரையில் இறங்கின. கீழ்வீட்டுக் கிழவர் வட்டத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "ரெண்டு எழுத்து எழுதியிருந்தா பெயின்ட் தீந்து போயிருக்குமோ?" என்றார்.

வெள்ளிக்கிழமை வந்த குருக்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் யாழ்ப்பாணத்தவர், ஆசாரம் மிகுந்தவர். அபிஷேக நீரைக் காய்ச்சலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் தயங்கவேயில்லை.

"ஓம், தாராளமாக் காய்ச்சுங்கோ. காய்ச்சி ஆறவிட்டு, பிறகு துளசி போடுங்கோ. நெருப்புப் பட்ட தண்ணி எண்டு அம்பாள் கோவிக்க மாட்டா. பிள்ளையள் வருத்தமாக் கிடந்தாத்தான் கோவிப்பா."

பிறகு, "அந்தக் கந்தோர்க்காரரிலை கோவிச்சுக்கொண்டுதான் இருக்கிறா எண்டு நினைக்கிறன்" என்று அந்த அலுவலகத்தாரைப் பற்றியும் சேர்த்துச் சொல்லி மணியை எடுத்தார்.

அன்று பதிகம் பாடும் நேரத்தில், அந்தத் தாளை எடுத்து, சபை முழுதும் கேட்கும்படி முதலிலிருந்து இறுதிவரை படித்தேன். அம்மன் சந்நிதியில், அவள் பெயரால், அவளுடைய மக்களுக்கு. பின்வரிசையிலிருந்து ஒருவர், "ஐயா, பதிகத்தக் கூட இவ்வளவு சத்தமா பாடினதில்லையே!" என்றார். சிலர் சிரித்தார்கள். பலர் சிரிக்கவில்லை, அவர்கள் வீட்டுப் பிள்ளைகளையும் அப்போதுதான் நினைத்துப் பார்த்தார்கள். இனித் தீர்த்தம் காய்ச்சி ஆறிய நீரென்று அறிவித்தேன். தாய் அந்தத் தாளின் பிரதியை வைத்தியரிடம் கொண்டுபோனாள். அவர் படித்துவிட்டு, இதை முதல் நாளே கண்டிருந்தால் குழந்தைக்கு இத்தனை ஊசி குத்தியிருக்க மாட்டேன் என்றாராம்.

குழந்தை தேறிவிட்டாள். அதன்பின் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. கன்னத்தில் சதை ஏறிக்கொண்டிருக்கிறது. இதை எழுதும்போது என் சினம் அடங்கியிருக்க வேண்டுமென்று சிலர் எதிர்பார்க்கிறார்கள். அலுவலகத்திலிருந்து அந்தத் தமிழ் பேசும் மனிதரே தொலைபேசியில் அழைத்து, "பிரச்சினை தீர்ந்துட்டுதானே ஐயா, இதை இப்படியே விட்டுருவோமே" என்றார். எவருடைய பிரச்சினை தீர்ந்தது? விடுதியின் கழிவுக்குழி இருந்த இடத்திலேயே இருக்கிறது. பீலி வழிந்துகொண்டேதான் இருக்கிறது. விடுதிக்காரரிடம் அறிக்கை சென்றதா என்பதும் எங்களுக்குத் தெரியாது. மக்களுக்கு அறிவிக்கப்படும் என்று எழுதியவர் யார், அறிவிக்க வேண்டாம் என்று தடுத்தவர் யார், அவ்விருவரும் ஒருவரா, வேறு வேறா? மன்னிப்புக் கேட்க ஒருவரும் மலையேறவில்லை. பொங்கல் தின்னத் தெரிந்த கால்களுக்கு அந்த வழி மறந்துவிட்டதா?

ஆதலால் நேற்று, ஆடிப்பூரத்துக்கு வளையல் வாங்கக் கண்டிக்குப் போனபோது, இக்கேள்விகளை எழுதிய இரண்டாவது விண்ணப்பத்தையும் கொண்டுபோனேன். இம்முறை நான் தனியே போகவில்லை. அந்தத் தாயும் தன் கையால் எழுதிய விண்ணப்பமொன்றோடு வந்தாள். கீழ்வீட்டுக் கிழவரும் ஒன்று எழுதியிருந்தார். அலுமாரி அதே இடத்தில் நின்றது. மேசைக்குப் பின்னாலிருந்தவர் எங்களைக் கண்டதும் பேனையைக் கீழே வைத்தார்.

"மறுபடியுமா ஐயா? இப்ப எதுக்கு?"

நான் வாய் திறக்குமுன் தாய் முந்திக்கொண்டாள். "எதுக்குன்னு சொல்ல வேண்டியதில்ல சார். வாங்கி வச்சிட்டு ரசீதக் குடுங்க. எனக்கு ரெண்டு மணிக்குக் கடை."

ரசீது வந்தது. விடை வரவேண்டும். வராவிட்டால் மேலதிகாரி, அதற்கும் மேலே கொழும்பில் தகவல் உரிமை ஆணைக்குழு. எனக்கு மூட்டுவலி உண்டு. ஆனாலும் பஸ் ஏறுவேன்.

இன்று காலை அம்மனுக்குக் கை நிறையப் பச்சை வளையல் சாத்தினோம். காய்ச்சி ஆற்றிய நீரால் அவளுக்கு அபிஷேகம் நிகழ்ந்தது. தாய் குழந்தையை இடுப்பில் சுமந்து வந்தாள். குழந்தை பாத்திரத்தைச் சந்தேகத்தோடு பார்த்தது. நான் மறுபடி மண்ணில் ஊற்றிவிடுவேனோ என்ற ஐயம் போலும். ஓர் உத்தரணி வார்த்தேன். குடித்தது. ஈரக் கையைத் தலையில் தடவியது. மீண்டும் நீட்டியது. நான் தாயைப் பார்த்தேன். அவள், "குடுங்க ஐயா, இப்ப நமக்குத் தெரியுமே" என்றாள். இரண்டாவதும் வார்த்தேன்.

இதனை வாசிக்கும் உங்கள் அனைவருக்கும் அன்னை அருள் புரிவாளாக. உங்கள் பிள்ளைகளின் கையில் விழும் நீர் தூயதாகுக. உங்களுக்குரிய செய்தி உங்களிடமிருந்து மறைக்கப்படாதிருக்குக. மறைக்கப்பட்டால், கேட்கும் துணிவும், விடை வரும்வரை நிற்கும் கால்களும் உங்களுக்கு வாய்க்குக. வாழ்க, வாழ்க.